பாடையைச் சுமப்பவர் யார்? நாத்திகரின் சமூக, தனிமனித இழப்புகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் இறைமறுப்பு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் அதன் வரலாற்றையும் தருக்கத்தையும் அரசியல் விளைவுகளையும் மையப்படுத்துகின்றன. இறைமறுப்பை வாழ்நெறியாக ஏற்றவர் எதை இழந்தார் என்னும் வினா, நாத்திகத்தை எதிர்ப்போரின் ஆயுதமாகவே பயன்பட்டு வந்தமையால், ஆய்வுப் பொருளாகப் போதிய அளவு கருதப்படவில்லை. வலங்கைமான் மகா மாரியம்மன் கோயிலின் பாடைக்காவடி நேர்த்திக்கடனை ஒப்பீட்டுக் களமாகக் கொண்டு, சுயமரியாதை இயக்கம் சார்ந்த எழுத்துகளிலும் சட்ட வரலாற்றிலும் இவ்விழப்புகள் பதிவாகியுள்ள முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. சட்டம், ஊர், அகம் ஆகிய மூன்று தளங்களில் இழப்புகள் பகுத்துக் காட்டப்படுகின்றன. முதல் தளத்தின் இழப்பை இயக்கம் பெருமளவு ஈடுசெய்தது என்பதும், நோயும் துயரும் சூழும் மூன்றாம் தளத்தில் அது தொடங்கிய பணி முற்றுப்பெறவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: நாத்திகம், சுயமரியாதை இயக்கம், பாடைக்காவடி, வலங்கைமான், சுயமரியாதைத் திருமணம், துயர் எழுத்து

முன்னுரை

திருவாரூர் மாவட்டத்தில், குடமுருட்டி ஆற்றையொட்டி அமைந்த வலங்கைமான் இரு வேறு காரணங்களால் இவ்வாய்வுக்குப் பொருத்தமான ஊராகிறது. முதலாவது, அவ்வூர் மகா மாரியம்மன் கோயிலில் பங்குனித் திங்களில் நிகழும் பாடைக்காவடித் திருவிழா. இரண்டாவது, அவ்வூரில் 1869ஆம் ஆண்டு ஒரு புரோகிதக் குடும்பத்தில் பிறந்து, இராமனை மனிதனாகவே கொண்டு இராமாயணத்தை விளக்கிய வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. ஒன்று நம்பிக்கையின் உச்சநிலை வெளிப்பாடு. மற்றொன்று நம்பிக்கையிலிருந்து ஒதுங்கி நின்ற அறிவின் வெளிப்பாடு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியில்தான் நாத்திகரின் இழப்பு என்னும் சிக்கல் எழுகிறது.

நாத்திகர் என்னும் சொல் இங்குக் கடவுள் இல்லை என வெளிப்படையாக அறிவித்து, அதற்கேற்பத் தம் வாழ்க்கைச் சடங்குகளை மாற்றிக்கொண்டவரைக் குறிக்கிறது. அகத்தே ஐயமுற்றுப் புறத்தே வழக்கங்களைத் தொடர்பவர் இவ்வரையறையில் அடங்கார். இழப்பு அறிவிப்பிலிருந்தும் நடைமுறையிலிருந்தும் விளைவதேயன்றி எண்ணத்திலிருந்து மட்டும் விளைவதன்று என்பதால் இவ்வேறுபாடு இன்றியமையாததாகும்.

பாடைக்காவடி: ஒரு சடங்கின் பணி

கடும் நோயுற்று உயிருக்குப் போராடிய ஒருவர், பிழைத்தெழுந்தால் பாடைக்காவடி எடுப்பதாக அம்மனுக்கு வேண்டிக்கொள்கிறார்; அல்லது அவர்பொருட்டு அவருடைய உறவினர் வேண்டிக்கொள்கின்றனர். நலம்பெற்ற பின், திருவிழா நாளில் ஆற்றில் நீராடி, நெற்றியில் காசு ஒட்டப்பெற்று, பச்சை மூங்கிலால் கட்டிய பாடையில் பிணம்போலப் படுக்கிறார். நால்வர் பாடையைச் சுமக்க, உறவினர் ஒருவர் தீச்சட்டி ஏந்தி முன்செல்ல, பறை முழங்க, பாடை கோயிலை மும்முறை வலம் வருகிறது. இறுதியில் பூசாரி தீர்த்தம் தெளித்துத் திருநீறு அளிக்க, கிடந்தவர் எழுகிறார்.

இச்சடங்கின் இறையியல் எளியது: அம்மன் உயிரைத் திருப்பித் தந்தாள் என்பதே அது. ஆயின் அதன் சமூகப்பணி இறையியலினும் விரிந்தது. நோயாளி மருத்துவமனைக் கட்டிலில் தனித்து நுகர்ந்த சாவச்சம், இங்கு ஊரறியப் புறத்தே கொணரப்படுகிறது. அவர் இறந்திருந்தால் எவர் தூக்கியிருப்பாரோ அவரே அவரை உயிரோடு தூக்குகின்றனர். ‘நீ இறந்திருந்தால் நாங்கள் இருந்திருப்போம், பிழைத்தாய், இப்போதும் இருக்கிறோம்’ என்பது அச்சுமத்தலின் உட்பொருள். இவ்வுறுதிப்பாட்டை வழங்குவது அம்மனா, சுமக்கும் தோள்களா என்னும் வினாவைச் சடங்கு எழுப்புவதில்லை. இரண்டையும் பிரிக்க இயலாதவாறு பிணைத்திருப்பதே அதன் ஆற்றலாகும்.

நாத்திகர் இப்பிணைப்பைப் பிரிக்கிறார். அம்மனை மறுக்கும்போது தோள்களும் விலகிவிடுகின்றனவா என்பதே அவர்முன் நிற்கும் நடைமுறைச் சிக்கல்.

மறுக்கப்படுபவராக மட்டும் தோன்றிய நாத்திகர்

தமிழ் இலக்கியத்தில் இறைமறுப்பாளர் புதியவர் அல்லர். மணிமேகலையின் ‘சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதை’யில் பூதவாதி தன் கொள்கையை உரைக்கிறான், மணிமேகலை நகைத்து, தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி எவ்வாறு அறிவாய் எனும் கருத்துப்பட வினவுகிறாள். நீலகேசியின் இறுதிச் சருக்கம் பூதவாதத்தை மறுப்பது. சிவஞான சித்தியாரின் பரபக்கம் உலகாயதனையே முதலில் எதிர்கொள்கிறது. இந்நூல்கள் அனைத்திலும் இறைமறுப்பாளர் ஒரு வாதமாக வருகிறாரேயன்றி ஒரு வாழ்வாக வருவதில்லை. அவருக்கு வீடில்லை, மகளுக்கு மணம் முடிக்கும் கவலையில்லை, நோயில்லை. வாதத்தில் தோற்றதும் அவர் காப்பியத்திலிருந்து மறைந்துவிடுகிறார்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை இலௌகிக சங்கத்தார் நடத்திய ‘தத்துவவிவேசினி’ (1882–1888) இதழில்தான் இறைமறுப்பாளர் தம் குரலில் தமிழில் தொடர்ந்து பேசினார். இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா, 1880ஆம் ஆண்டு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும், நாத்திகர் என்பதால் எழுந்த உறுதிமொழிச் சிக்கலால் 1886 வரை முறைப்படி இடம்பெற இயலாது போராடிக்கொண்டிருந்த காலம் அது. நாத்திகத்துக்குச் சமூகம் விதிக்கும் விலை உலகளாவியது என்பதை அச்சங்கத்தார் தம் சமகாலத்திலேயே கண்டனர். எனினும் அவ்விலை ஒரு தனிவீட்டில் எவ்வாறு செலுத்தப்பட்டது என்பதைத் தமிழில் காண, சுயமரியாதை இயக்கக் காலம்வரை வரவேண்டியுள்ளது.

முதல் தளம்: சட்டம்

1928ஆம் ஆண்டு அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் நிகழ்ந்த மணவிழா முதல் சுயமரியாதைத் திருமணமாகக் குறிக்கப்படுகிறது. புரோகிதரும் மந்திரமும் தீவலமும் இல்லாத இம்மணமுறை மாநிலமெங்கும் பரவியது. ஆயின் சட்டத்தின் கண்ணில் இது திருமணமா என்பது நெடுங்காலம் தெளிவற்றிருந்தது. 1953ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், சாத்திரச் சடங்குகளோ நிலைபெற்ற வழக்காறோ இல்லாத இத்தகைய மணம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பின் சுமை எவர்மீது விழுந்தது என்பது கவனத்திற்குரியது. மணமேடையில் கொள்கையை முழங்கியவர் பெரும்பாலும் ஆண். மணம் செல்லாதெனில் மனைவி என்னும் நிலையை இழப்பவர் பெண். சொத்துரிமையில் ஐயத்துக்குள்ளாவோர் பிள்ளைகள். கொள்கையைத் தெரிவு செய்தவரும் அதன் விலையைச் செலுத்தியவரும் ஒருவரல்லர். நாத்திகத்தின் இழப்புகளை ஒரு தனிமனிதக் கணக்காக மட்டும் எழுதும் போக்கு இதனால் போதாததாகிறது.

மாற்றுவழி இல்லாமலும் இல்லை. 1872ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், குறிப்பிட்ட சமயங்கள் எதையும் தாம் சாராதவர் என அறிவிப்போர்க்குப் பதிவுத் திருமணத்தை அனுமதித்தது. ஆயின் 1923ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், அச்சட்டத்தின்கீழ் மணந்த இந்துக் கூட்டுக் குடும்பத்தவர் அக்குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்பட்டார். கூட்டுடைமை நிலமே வாழ்வாதாரமாக விளங்கிய காவிரிப் படுகை போன்ற பகுதியில் இப்பிரிவின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

சி.என். அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது இயற்றப்பட்டு, 1968ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த இந்துத் திருமணச் சட்டத் திருத்தம் (7-அ பிரிவு), சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கியதோடு முன்னர் நிகழ்ந்த மணங்களுக்கும் ஏற்பளித்தது. சுக்கிலநத்தத்திலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 40 ஆண்டுகள். இயக்கம் ஓர் இழப்பை அடையாளங்கண்டு, போராடி, நிறுவன அளவில் அதை ஈடுசெய்த தெளிவான சான்று இது. இதிலும் ஒரு முரண் எஞ்சுகிறது. திருத்தம் ‘இந்துக்கள்’ இருவரின் மணத்துக்கே பொருந்தும். கடவுளை மறுத்தவர் தம் மறுப்புத் திருமணத்தின் ஏற்பை இந்து என்னும் சட்ட அடையாளத்தின் வழியாகவே பெறுகிறார்.

இம்முரண் இன்றும் தொடர்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமயம் குறிப்பிடாதோர் ஏறத்தாழ 28.7 லட்சம் பேர். மொத்த மக்கள்தொகையில் இது 0.24 விழுக்காடு. இவர்கள் அனைவரும் நாத்திகர் எனக் கொள்ளவும் இயலாது. 2019ஆம் ஆண்டு திருப்பத்தூரைச் சேர்ந்த பெண் வழக்கறிஞர் ஒருவர் சாதி, மதம் அற்றவர் என்னும் சான்றிதழை நீண்ட முயற்சிக்குப் பின்னரே பெற்றார். அடையாளத்தைத் துறக்கும் உரிமை அரிதாகவே கிட்டுகிறது. சாதி அடையாளத்தையும் சேர்த்துத் துறப்பவர், அதைச் சார்ந்த இடஒதுக்கீட்டையும் துறக்க நேர்கிறது. ஆதலின் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர்க்கு இத்துறவின் விலை கூடுதலாகிறது.

இரண்டாம் தளம்: ஊர்

சட்டம் தரும் ஏற்பு ஊர் தரும் ஏற்பன்று. சிற்றூரில் கோயில் திருவிழா ஒரு வழிபாட்டு நிகழ்வு மட்டுமன்று. எவர் ஊரார், எவர் ஊரார் அல்லர் என்பதை ஆண்டுதோறும் உறுதிசெய்யும் நிகழ்வுமாகும். தலைக்கட்டு வரி செலுத்துவது பக்தியின் அடையாளமாக இருப்பதினும் உறுப்பினர் நிலையின் அடையாளமாகவே இருக்கிறது. கொள்கையின்பொருட்டு வரியை மறுப்பவர், தாம் அம்மனை மறுப்பதாகக் கருதலாம். ஊர் அதைத் தன்னை மறுப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. அவ்வீட்டு மணத்துக்கும் சாவுக்கும் வருவதில் ஊரார் காட்டும் தயக்கம் இதிலிருந்து பிறக்கிறது. வீட்டுக்குள்ளும் இச்சிக்கல் நுழைகிறது. கணவர் மறுப்பாளராகவும் மனைவி வழிபாட்டாளராகவும் அமையும் குடும்பங்களில், உறவினரோடும் அண்டை அயலாரோடும் முறியும் இழைகளை முடிந்து வைக்கும் பணி பெண்ணின்மேலேயே விழுகிறது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பையும் பதிவுசெய்ய வேண்டும். ‘நாத்திகர் ஊரை இழக்கிறார்’ என்னும் கூற்று, அவருக்கு முன்னரே ஊர் இருந்தது என்னும் எடுகோளைக் கொண்டது. தேர்வடத்தைத் தொடவோ வரி செலுத்தவோ உரிமை மறுக்கப்பட்ட சேரி மக்களுக்குக் கோயில் வழங்கிய கூட்டுத்துணை எத்தகையது? அவர்களைப் பொறுத்தவரை இறைமறுப்பு இயக்கம் ஊரை இழப்பதாக அன்றி, முதன்முறையாக ஒரு பொதுமேடையைப் பெறுவதாகவும் அமைந்தது. இழப்பு, இருந்தவர்க்கே உண்டு. நாத்திகத்தின் சமூக விலையைச் சாதி, வர்க்க வேறுபாடின்றிப் பொதுமைப்படுத்தும் எந்த ஆய்வும் இங்கே பிழைபடும்.

சீனிவாச சாஸ்திரியின் நிலை இதற்கு மறுகோடியில் நிற்கிறது. அவர் 1944ஆம் ஆண்டு சென்னையில் ஆற்றிய இராமாயணப் பொழிவுகள் இராமனை அவதாரமாக அன்றி மனிதனாக அணுகின. பக்தர் நிறைந்த அவையில் இதைக் கூறுவது எளிதன்று. ஆயின் அப்போது அவர் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவராகவும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கிய பெருமையுடையவர். அவருடைய மறுப்பும் இராமாயணம் என்னும் மரபின் உள்ளிருந்தே எழுந்தது; மரபை விட்டு வெளியேறவில்லை. அதே கருத்தை அதே காலத்தில் மேடையில் உரைத்த சுயமரியாதைத் தொண்டர்மீது கல் வீசப்பட்டது. கருத்தின் கடுமை மட்டுமன்று, கூறுபவரின் இருப்பிடமும் விலையை முடிவுசெய்கிறது.

அவ்விலை சில வேளைகளில் உயிராகவும் அமைவதுண்டு. 2017 மார்ச்சில் கோயம்புத்தூரில், இசுலாமியக் குடும்பத்தில் பிறந்து இறைமறுப்பாளரான திராவிடர் விடுதலைக் கழகத் தோழர் ஒருவர் கொலை செய்யப்பட்டார். சிறுபான்மைச் சமூகத்துக்குள்ளிருந்து விலகுபவர் இருமுறை தனிமைப்படுகிறார். பெரும்பான்மைச் சமூகம் அவரைச் சிறுபான்மையராகவே காண்கிறது. சிறுபான்மைச் சமூகம் அவரைத் துறந்தவராகக் காண்கிறது.

மூன்றாம் தளம்: அகம்

அகத்தளத்தின் இழப்பை நேர்மையாகப் பேசிய எழுத்து, எதிர்பாராத வகையில், தமிழுக்கு மொழிபெயர்ப்பாகவே வந்தது. பகத்சிங் 1930ஆம் ஆண்டு லாகூர்ச் சிறையில் எழுதிய ‘நான் நாத்திகன் ஏன்?’ என்னும் கட்டுரையை ப. ஜீவானந்தம் தமிழாக்கினார். அதை வெளியிட்டமைக்காக அவரும் ஈ.வெ. கிருஷ்ணசாமியும் ஆங்கிலேய அரசின் நடவடிக்கைக்கு ஆளாயினர். இக்கட்டுரை பெரும்பாலும் கடவுள் மறுப்பு வாதங்களுக்காகவே வாசிக்கப்பட்டு வருகிறது. அதன் வலிமை வேறிடத்தில் உள்ளது. நம்பிக்கை துன்பத்தை மென்மையாக்கும், சில வேளை இனிமையாகவும் ஆக்கும் என்பதைப் பகத்சிங் மறைக்காது ஒப்புக்கொள்கிறார். கடவுள் இல்லாதவர் தம்மையே ஊன்றி நிற்க வேண்டும். தூக்குக்கயிறு கழுத்தில் விழும் கணமே தமக்கு இறுதிக் கணம். அப்பால் துறக்கமோ மறுபிறவியோ காத்திருக்கவில்லை என்பதையும் அவர் அறிந்தே கூறுகிறார். நண்பர்கள் அவருடைய நாத்திகத்தைத் தற்பெருமை என்று பழித்ததிலிருந்தே கட்டுரை தொடங்குகிறது. ஆறுதலை இழந்தவர்மீதே அகந்தைப் பழியும் ஏற்றப்படும் இரட்டைச் சுமையை இது வெளிப்படுத்துகிறது. எதிராளி கூறக்கூடிய இழப்பைத் தானே முன்வந்து கூறும் துணிவு, இக்கட்டுரையைப் பிற பரப்புரை எழுத்துகளிலிருந்து வேறுபடுத்துகிறது.

அத்துணிவோடு ஒப்பிடத்தக்க தமிழ் எழுத்து, நாகம்மையார் 1933 மே 11 அன்று மறைந்தபோது பெரியார் ‘குடிஅர’சில் எழுதிய இரங்கலுரையாகும். மரபான கையறுநிலையில் இறந்தார் சென்றடையும் உலகைச் சுட்டி ஆறுதல் பெறும் வழி உண்டு. இவ்வுரையில் அவ்வழி அடைக்கப்பட்டுள்ளது. ஆகவே பெரியார் கணக்கெடுக்கிறார். மனைவியின் மறைவால் தம்மை விட்டு நீங்கியவை எவையெவை என அடுக்கிச் செல்கிறார். பெண் விடுதலை குறித்துத் தாம் பேசியவற்றில் மிகச் சிறு பங்கையும் மனைவியிடம் கடைப்பிடிக்கவில்லை என்று தம்மையே குற்றஞ்சாட்டுகிறார். பின்னர் இம்மறைவைப் பொதுப்பணிக்குரிய விடுதலையாகவும் கொள்ள முயல்கிறார். மறுநாளே திருச்சிக்குச் சென்று, தடையாணையை மீறி ஒரு கிறித்தவச் சுயமரியாதைத் திருமணத்தை நடத்திக் கைதானார் என்பது அம்முயற்சியின் செயல்வடிவம்.

இவ்விரங்கலுரையை உறுதியின் சான்றாக மட்டும் வாசிப்பது வழக்கம். அதனுள் வேறொன்றும் இயங்குகிறது. துயரை ஆற்றுவதற்குரிய சடங்கு இல்லாத நிலையில், எழுத்தே சடங்கின் இடத்தை ஏற்கிறது. இதழின் வாசகர் துக்கவீட்டு உறவினராகின்றனர். பெரியாருக்கு இதழ் இருந்தது, மேடை இருந்தது, மறுநாள் செல்வதற்கு ஒரு போராட்டம் இருந்தது. இவை ஏதுமற்ற ஒரு சிற்றூர்த் தொண்டர் தம் மனைவியை இழந்த இரவில் எதைக் கைக்கொண்டார் என்பதை இயக்க எழுத்துகள் அரிதாகவே கூறுகின்றன.

நம்பிக்கை எப்போதும் ஆறுதலையே தரும் என்றும் கொள்ளலாகாது. வலங்கைமானுக்கு அண்மையிலுள்ள கும்பகோணத்தைச் சேர்ந்த எம்.வி. வெங்கட்ராமின் ‘காதுகள்’ (சாகித்திய அகாதெமி விருது, 1993) நாவலின் மகாலிங்கம் முருக பக்தன். அவன் காதுகளுக்குள் ஒலிக்கும் குரல்கள் அவனுடைய பக்தியின் மொழியிலேயே அவனை வதைக்கின்றன. நம்பிக்கை அவனுக்கு ஊன்றுகோலாகவும் வதைக்களமாகவும் ஒருங்கே அமைகிறது. நாத்திகரின் தனிமைக்கு எதிரே நிறுத்தப்படும் பக்தரின் மனநிறைவு, பல வேளை ஆராயப்படாத ஒரு கற்பிதமே என்பதை இந்நாவல் உணர்த்துகிறது.

மறுப்பூர்வலமும் விடுபட்ட வினாவும்

இயக்கம் சடங்கின் தேவையை அறியாததன்று. பெயர்சூட்டு விழா, வாழ்க்கைத் துணைநல ஒப்பந்தம், கருமாதிக்கு மாற்றாகப் படத்திறப்பு, நினைவேந்தல் என வாழ்வின் வாயில்களில் அது மாற்றுகளை நிறுவியது. பிறப்பு, மணம், சாவு மூன்றும் இதில் அடங்கின. நோய் அடங்கவில்லை.

நோயுடன் தொடர்புடைய நேர்த்திக்கடன்களை இயக்கம் எதிர்கொண்ட முறை வேறு. திராவிடர் கழகத்தின் மூடநம்பிக்கை ஒழிப்பு ஊர்வலங்களில் தோழர்கள் ‘கடவுள் இல்லை’ என முழங்கியவாறே அலகு குத்திக் காவடி எடுப்பர், தீ மிதிப்பர். அருள் இன்றியும் இவற்றைச் செய்ய முடியும் என மெய்ப்பிப்பதே நோக்கம். வாதமாக இது வலுவானது. எனினும் இது காவடியின் காரணத்தை மறுக்கிறதேயன்றி அதன் பணியை ஏற்கவில்லை. பாடையில் கிடப்பவரின் வினா ‘அம்மன் இல்லாமல் எழ முடியுமா?’ என்பது மட்டுமன்று; ‘விழுந்தால் என்னைத் தூக்க எவர் உளர்?’ என்பதுமாகும். முதல் வினாவுக்கு ஊர்வலம் விடை தருகிறது. இரண்டாம் வினாவைக் கேட்கும் இடம் அவ்வூர்வலத்தில் இல்லை.

சமூகவியல் ஆய்வும் இவ்வேறுபாட்டுக்கு வலுவூட்டுகிறது. அமெரிக்காவில் சேயூன் லிம், ராபர்ட் பட்னம் ஆகியோர் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, சமயத்தவரின் கூடுதல் மனநிறைவுக்கு அவர்தம் தனிப்பட்ட நம்பிக்கையைவிட, வழிபாட்டிடத்தில் அமையும் நட்புப் பிணைப்புகளே காரணமெனக் காட்டியது. தமிழ்ச் சூழலுக்கு இம்முடிவை அப்படியே பொருத்தவியலாது. ஆயினும் இழக்கப்படுவது கடவுளா, கூட்டமா என்னும் வினாவைத் தெளிவாகக் கேட்க அது உதவுகிறது. கூட்டமே எனில், அவ்விழப்பு இறைமறுப்பின் இயல்பான விளைவன்று, ஈடுசெய்யத்தக்க குறையேயாகும்.

முடிவுரை

நாத்திகரின் இழப்புகள் ஒருதன்மையன அல்ல. சட்டத்தளத்தின் இழப்பு பெண்கள்மீதும் பிள்ளைகள்மீதும் மிகுதியாக விழுந்தது. 1968ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த திருத்தம் அதைப் பெருமளவு களைந்தது. ஊர்த்தளத்தின் இழப்பு சாதி, வர்க்கம், பால், சமயப் பின்புலம் ஆகியவற்றுக்கேற்ப மாறுபடுவது. சிலர்க்கு அது இழப்பே அன்று. அகத்தளத்தின் இழப்பைப் பகத்சிங்கின் கட்டுரையும் பெரியாரின் இரங்கலுரையும் மறைக்காது பேசின. ஆயின் அவை தனிமனித உறுதியின் சான்றுகளாகவே போற்றப்பட்டு, பொதுத்தேவையின் சான்றுகளாக வாசிக்கப்படாது போயின.

இழப்பை ஒப்புக்கொள்வது கொள்கையைக் கைவிடுவதாகும் என்னும் அச்சமே இவ்வாசிப்புக் குறைக்குக் காரணமாகத் தோன்றுகிறது. சுயமரியாதைத் திருமணத்தின் வரலாறு இவ்வச்சம் அடிப்படையற்றது எனக் காட்டுகிறது. மணம் செல்லாது என்னும் இழப்பை இயக்கம் வெளிப்படையாகப் பேசியதாலேயே அதற்குத் தீர்வும் கண்டது. நோயுற்ற தோழரையும் துணையிழந்த தொண்டரையும் குறித்து அதே வெளிப்படைத்தன்மை இன்னும் தேவைப்படுகிறது. காவிரிப் படுகையின் சுயமரியாதைக் குடும்பங்களில் எஞ்சியுள்ள மடல்கள், நாட்குறிப்புகள், இரங்கல் மலர்கள் ஆகியவற்றை இந்நோக்கில் தொகுத்து ஆராய்தல் அடுத்த கட்டப் பணியாகும். வலங்கைமானில் ஆண்டுதோறும் பாடையைத் தூக்கும் நால்வரின் இடத்தை இறைமறுப்பாளரின் வாழ்வில் எவர் நிரப்பினர் என்பதற்கான விடை, மேடைப் பேச்சுகளில் அன்றி அத்தகைய தாள்களில்தான் கிடைக்கக்கூடும்.